பிச்சியைப் பிடுங்காதீர்கள், வெட்டுங்கள்

வாசுதேவநல்லூரில் பிச்சிக்கொடி இல்லாத தெரு கிடையாது. ஆனால் அண்மைக் காலமாக அதை வேரோடு பிடுங்கி எறிகிறார்கள். எங்கள் தெருவிலேயே கொடி நின்ற இடங்கள் சில இன்று சிமெண்டுத் தளமாகிவிட்டன. மாடித் தண்ணீர் விழும் குழாயை அடைத்துவிட்டது, பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது, கரண்டுக் கம்பியைச் சுற்றிவிட்டது, பூவும் முன்போல இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். அந்தத் தொல்லை உண்மைதான். அதற்குக் கொடியைக் கொல்ல வேண்டியதில்லை.

நான் பூந்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. விடியுமுன் பறித்த மொட்டுகளை அப்பா சங்கரன்கோவில் பூச்சந்தைக்குக் கொண்டுபோவார். அவர் தோட்டத்துப் பிச்சி, ஆள் உயரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. வருஷம் தவறாமல் கவாத்து செய்வார். அந்தச் செடிகளை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

பிச்சி உள்ளிட்ட நம்மூர் மல்லிகை வகைகளுக்கெல்லாம் பூ வருவது புதுத் தளிரில். வெட்டாத கொடி முற்றி, கட்டையாகி, தழையை மட்டும் காட்டும். அடர்ந்த தழைக்குள் வெயிலும் காற்றும் புகாது. மொட்டுப்புழுவுக்கும் செஞ்சிலந்திக்கும் அது வசதியான இடம். ஆடிக் காற்று அடிக்கும்போது, பாரம் ஏறிய பந்தல்தான் முதலில் சாயும்.

“பூக்கிற கொடில கத்திய வைக்கலாமா, பாவம்லா?” என்று எங்கள் பெரியம்மா கேட்பார். தெருவில் பலருக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. வெட்டப் பயந்து விட்டுவிடுகிறவர்கள்தான், தொல்லை தாங்காமல் ஒருநாள் மண்வெட்டியைத் தூக்குகிறார்கள்.

எப்போது வெட்டுவது என்பதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகமே கணக்குச் சொல்கிறது: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம், பிச்சியை டிசம்பர் கடைசி வாரம், முல்லையை ஜனவரி கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டலாம். பந்தலில் ஏற்றியிருந்தால் தாய்த்தண்டை நிறுத்திக்கொண்டு, பக்கக் கிளைகளையும் காய்ந்த குச்சிகளையும் கழித்தால் போதும். மார்கழிப் பனியில் எப்படியும் பூ குறைவு. சந்தையில் விலை ஏறுவதும் அதனால்தான். ஆகவே அப்போது வெட்டுவதால் பெரிய நஷ்டம் இல்லை. வெட்டிய பின் தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு, 10 கிலோ தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள். தளிர் தானாக வரும்.

இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கம்பியில் ஏறிய கொடியை நீங்களே தொரட்டி போட்டு இழுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈரக்கொடி வழியாகவும் மின்சாரம் பாயும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, மின் இணைப்பை நிறுத்திய பிறகு வெட்டச் செய்யுங்கள். இரண்டாவது, கொடி பக்கத்து வீட்டுக்குள் இறங்கினால் அதை வெட்டுவது நம் வேலை. அவர்கள் வந்து சண்டை போடும்வரை காத்திருக்கக் கூடாது. வெட்டிய குச்சியில் நல்லதாக நாலை நட்டு, வேர் பிடித்ததும் அவர்களுக்கே கொடுக்கலாம்.

மின்வாரிய ஊழியர்களுக்கும் பேரூராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன்னால் கொடி கழிக்க வரும்போது, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று அவர்களே காட்டுவார்கள். அடியோடு அறுத்துப் போடும் நிலை வராது.

வெயில் கொதிக்கும் இந்த மலையடிவார ஊரில், வாசலுக்கு நிழலும் தலைக்குப் பூவும் சாமிக்கு ஒரு முழம் சரமும் தருகிற கொடி இது. அதற்கு நாம் தர வேண்டியது வருஷத்தில் ஒரு நாள் உழைப்பு. வரும் மார்கழியில் உங்கள் வீட்டுப் பிச்சியை வெட்டிவிடுங்கள். பிடுங்குவதா வேண்டாமா என்பதை அடுத்த ஆடிக்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.