இறகுப் பந்தும் எங்கள் வீட்டுக் கணக்கும்

இறகுப் பந்தாட்டத்தை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா? இது எனக்குப் பட்டிமன்றத் தலைப்பன்று. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எழுந்த கேள்வி. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை நன்றாக ஆடுகிறாள். வெளியூர்ப் பயிற்சிக் கழகம் ஒன்றில் சேர்த்துவிடுமாறு அவளுடைய பயிற்சியாளர் சொன்னார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டும் என் தந்தை என்னைப் பார்த்தார். "நீதானே நாலெழுத்துப் படிச்சவன், நீயே சொல்லுப்பா" என்றார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு இப்படியும் ஒரு பதவி! நான் 'வேண்டாம்' என்றேன். அதற்கான காரணங்களை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

பெருமைக்குக் குறைவில்லை. 1980இல் பிரகாஷ் படுகோனேவும் 2001இல் கோபிசந்தும் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றார்கள். 2022இல் தாமஸ் கோப்பையே நம் நாட்டுக்கு வந்தது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸ் வெண்கலம் வென்றபோது இனிப்பு வழங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதே கோபிசந்த் 2025 பிப்ரவரியில் என்ன சொன்னார்? வசதியான குடும்பமோ சொந்தத் தொழிலோ இல்லாதவர்கள் விளையாட்டை வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். வீரர்களை உருவாக்கியவரே சொன்ன சொல் அது.

ஏன் என்பதற்கு அந்தப் பந்தையே பாருங்கள். பதினாறு இறகுகள், ஒரு தக்கை. ஏறத்தாழ 5 கிராம். ஓர் இறகு ஒடிந்தால் பந்து கோணலாகப் பறக்கும், தூக்கி எறிய வேண்டியதுதான். காலையும் மாலையும் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு டஜன் அடங்கிய குழாய் எத்தனை நாள் வரும்? காற்றடித்தாலும் ஆட முடியாது. ஆகவே கூரைக்குக் கீழே, மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆட வேண்டும். காலணி, மட்டை, நரம்பு, போட்டிக்குப் போக ரயில் கட்டணம் எல்லாம் தனி. நம் ஊர்ப் பூப்பந்தாட்டம் எவ்வளவோ மேல்! மண் தரை, மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். என்ன செய்வது, அதற்கு ஒலிம்பிக்கில் இடமில்லை.

உடம்பின் கணக்கு வேறு இருக்கிறது. 2016 ரியோவில் தங்கம் வென்ற ஸ்பெயின் நாட்டுக் கரோலினா மரின், 2024 பாரிஸ் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோதே முழங்கால் முறுக்கிக் கீழே விழுந்து அழுதார். அவருக்கு அது மூன்றாவது பெருங்காயம். சாய்னா நேவாலின் ஆட்டத்துக்கும் மூட்டு வலியே பகையாயிற்று. அவர்களுக்கு மருத்துவரும் பெயரும் உண்டு. பதினெட்டு வயதில் மூட்டுத் தேய்ந்து, படிப்பையும் விட்டுவிட்ட ஆவடிப் பிள்ளைக்கு என்ன உண்டு?

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். அதற்கும் உரிய நிலைப் போட்டிகளில் வென்ற சான்றிதழ் வேண்டும். கால் இறுதியோடு திரும்பிய நூறு பேர் எந்த வரிசையில் நிற்பார்கள்?

இதையெல்லாம் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். "நீ ஆடாமலேயே தோற்றவன்" என்றார். சுருக்கென்றது. நானும் மண்டலப் போட்டி வரை ஆடியவன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நாளில் போட்டி வந்தபோது தேர்வுக்குப் போனவன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. தந்தையின் சம்பளம் எவ்வளவு என்பது ஆசிரியருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

தங்கை மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது பள்ளி அணியில் ஆடுகிறாள். ஞாயிறுதோறும் பயிற்சிக்குப் போகிறாள். போன மாதம் மட்டை நரம்பு அறுந்தபோது தந்தையிடம் போகாமல் என்னிடம் வந்து நின்றாள். டியூஷன் சொல்லிக்கொடுத்த காசில் கொடுத்தேன்.