உருகுவதே அதன் கடமை

நம்மில் இசைப் பிரியர்கள் பலர். வானொலிப் பெட்டியில் தொடங்கி, ஒலிநாடா, குறுந்தகடு என வளர்ந்த அந்த விருப்பம், வருவாய் சற்றே உயர்ந்ததும் தனி ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கர்களும் கொண்ட ஹை-ஃபை அமைப்பாக வரவேற்பறையில் வந்து அமர்கிறது. இதில் குறைகூற ஒன்றுமில்லை. உழைத்து ஈட்டிய பணத்தில் நல்ல இசை கேட்பது நியாயமான செலவு என்றே நாம் கருதுகிறோம். ஆயினும், அமைப்பு வீட்டுக்கு வந்த சில மாதங்களில் வேறோர் ஆசை தலைதூக்குகிறது. கருவிக்குள் இருக்கும் ஃபியூஸை மாற்றினால் ஒலி மேலும் தெளிவுறும் என்னும் ஆசை அது.

மின்கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பொருள் ஃபியூஸ். இசை ரசிகர்களுக்கென்று தனியே விற்கப்படும்போது அதன் விலை சில ஆயிரங்களில் தொடங்கி அரை லட்சத்தையும் தாண்டிச் செல்கிறது. வெள்ளிக் கம்பி, தங்க முலாம், கடுங்குளிரில் பதப்படுத்திய உலோகம் என்று அதற்குப் பெருமைகள் பல. எந்தத் திசையில் பொருத்த வேண்டும் எனக் காட்டும் அம்புக்குறிகூட உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும், கடன் அட்டைக்கான அந்நியச் செலாவணிக் கட்டணமும் கூடச் சேரும். இச்செலவு வீண் என்பது நம் கருத்து. அதைக் காட்டிலும் முக்கியமாக, சில வீடுகளில் இது ஆபத்தையும் விலைகொடுத்து வாங்குவதாக முடியும்.

ஃபியூஸின் வேலை மிக எளியது. மின்னோட்டம் அளவு மீறும்போது தான் சூடாகி உருகி, மின்சுற்றைத் துண்டித்துக் கருவியையும் வீட்டையும் காப்பதே அது. மின்விளக்குகள் பரவத் தொடங்கிய காலத்திலேயே, 1880-இல், எடிசன் இத்தகைய காப்புக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். உருக வேண்டுமெனில் கம்பிக்குச் சிறிதளவு மின்தடை இருந்தே ஆக வேண்டும். தடையே இல்லாத ஃபியூஸ் ஃபியூஸே அன்று.

அந்தத் தடைதான் இசையைக் கெடுக்கிறது என்பது விற்பவர்களின் வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றின் தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். நம் வீட்டு மின்பலகையிலிருந்து பதினைந்து மீட்டர் தொலைவிலுள்ள பிளக் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி சென்று திரும்பும் பாதையின் தடையோ ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதற்கு அப்பால் தெருக் கம்பம், மின்மாற்றி, அலுமினியக் கம்பிகள் என்று நெடுந்தொலைவு கிடக்கிறது. இவை அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டு, இறுதியில் வரும் 20 மில்லிமீட்டரை மட்டும் வெள்ளியாக மாற்றுவதால் என்ன ஆகிவிடும்? வெள்ளி செம்பைவிடச் சிறந்த கடத்திதான். ஆனால் அந்தச் சிறப்பு ஏறத்தாழ ஆறு விழுக்காடு மட்டுமே.

மேலும், மின்வழங்கல் பகுதியிலுள்ள ஃபியூஸின் வழியே இசை செல்வதே இல்லை. அங்கே செல்வது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். அது டிரான்ஸ்ஃபார்மரைக் கடந்து, நேர்மின்னோட்டமாக மாறி, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கி நின்ற பிறகே இசைச் சுற்றுக்குப் பயன்படுகிறது. அம்புக்குறியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நொடிக்கு நூறு முறை திசை மாறும் மின்னோட்டத்துக்கு எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின்?

ஆயினும் முழுவதையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. சில கருவிகளில் ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பியிலேயே ஃபியூஸ் இருக்கும். அங்கே உண்மையாகவே இசை அதன் வழியே செல்கிறது. தாழ்சுருதியில் கம்பி சூடாகி ஆறும்போது தடை கூடிக் குறைந்து, கருவிகளால் அளக்கத்தக்க ஒலித்திரிபு உண்டாகிறது. அதற்குத் தீர்வு காண வேண்டியவர் கருவியை வடிவமைக்கும் பொறியாளர். நாம் விலையுயர்ந்த ஃபியூஸ் வாங்குவதால் அது தீராது. பழைய கருவிகளில் ஃபியூஸைத் தாங்கும் பிடிப்பு கறுத்துத் தளர்ந்திருந்தால், அதைச் சுத்தம் செய்வதிலும் பயன் உண்டு. ஃபியூஸ் மாற்றிய பின் வேறுபாடு கேட்டதாகச் சொல்வோரில் சிலருக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம்.

ஏனையோர் பொய் சொல்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. பெருந்தொகை கொடுத்தவரின் காது கூர்மையாகக் கேட்கத் தொடங்குகிறது. ஏற்கெனவே இருந்த நுணுக்கங்கள் அப்போதுதான் புலப்படுகின்றன. தலையைச் சற்று நகர்த்தி அமர்ந்தாலே உச்ச ஒலிகள் மாறிக் கேட்கும். எனவே வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். பழையதா புதியதா என்று நமக்குத் தெரியாமல், விவரம் அறிந்த ஒருவர் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துப் பத்து முறை ஃபியூஸைப் பொருத்தட்டும். நாம் கேட்டுச் சொல்வோம். வெறும் ஊகத்திலேயே ஐந்து சரியாக வரும். ஏழோ அதற்கு மேலோ வர ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ வருவது மட்டுமே, நூற்றில் ஒரு முறையே ஊகத்தால் நேரக்கூடியது. ஒன்பது சரியாகச் சொன்னவர் தாராளமாக வாங்கலாம், நமக்கு மறுப்பில்லை.

நம் உண்மையான கவலை வேறு. புதிய ஃபியூஸ் கருவியை இயக்கும் கணத்திலேயே போய்விட்டால், ஒரு படி உயர்ந்த ஆம்பியரில் வாங்கிக்கொள்ளுங்கள் எனச் சில விற்பனையாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். இது நமக்குப் புதிதன்று. ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பி அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றிவைக்கும் பழக்கத்தின் மறுபதிப்புதான் இது. 2 ஆம்பியர் இருந்த இடத்தில் 5 ஆம்பியர் பொருத்தினோம் என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி 5 ஆம்பியர் இழுத்தால், உரிய ஃபியூஸ் போயிருக்கும், இது போகாது. 1,150 வாட், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம், மரப்பேழைக்குள் வைத்த கருவியில் சேர்ந்துகொண்டே இருக்கும். மின்பலகையிலுள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. பிரிட்டனில் பிளக்கினுள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. நம் நாட்டுப் பிளக்குகளில் அது இல்லை. ஆகவே கருவிக்குள் இருப்பதே பெரும்பாலும் கடைசிக் காவல்.

ஆம்பியர் மட்டும் ஒத்திருந்தாலும் போதாது. உடனே உருகும் வகைக்கு எஃப் என்றும், தாமதித்து உருகும் வகைக்கு டி என்றும் உலோக மூடியில் எழுத்து இருக்கும். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் 1,500 ஆம்பியர் வரையிலான குறுக்குச்சுற்றைத் துண்டிக்க வல்லது. கண்ணாடி வகையின் திறனோ, சிறிய அளவுகளில் 35 ஆம்பியர்தான். பீங்கான் இருந்த இடத்தில் கண்ணாடியைப் பொருத்தினால் அது வெடித்துச் சிதறக்கூடும். கருவியின் பின்புறத்தில் ‘அதே வகை, அதே அளவு’ என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். அதை மீறிக் கருவியைத் திறந்தால், உற்பத்தியாளரின் உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகலாம்.

சரி, கையிலிருக்கும் பணத்தை ஒலிக்காகவே செலவிட விரும்புவோர் எங்கே செலவிடலாம்? அறையில்தான். கிரானைட் தரை, வெற்றுச் சுவர், தட்டையான கான்கிரீட் கூரை என்று அமைந்த நம் அறைகளில் ஒலி எதிரொலித்து ஒன்றோடொன்று மோதுகிறது. ஒரு தடித்த கம்பளம், கனமான திரைச்சீலை, நூல்கள் நிறைந்த அலமாரி, சுவரிலிருந்து முன்னுக்கு நகர்த்திய ஸ்பீக்கர் ஆகியவை தரும் மாற்றத்தை வீட்டில் இசையறிவு இல்லாதவரும் உணர்வார். தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் அறையில் ஃபியூஸின் நுண்ணொலியைத் தேடுவதில் பொருளுமில்லை. பழைய மின்னணு ரெகுலேட்டர்கள் மின்கம்பியிலேயே இரைச்சலைச் சேர்ப்பதும் உண்டு. நிறுத்திவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

அதற்குப் பின்னும் பணம் மீந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துப் புவித்தொடர்பைச் சோதிக்கச் சொல்லலாம்; தளர்ந்த இணைப்புகளை முறுக்கச் சொல்லலாம். முப்பது மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடாயின் அதைப் பொருத்துவதே முதல் வேலை. அப்படியே, கருவியின் கையேட்டில் குறித்த அதே வகை ஃபியூஸ் இரண்டினை மின்கடையில் வாங்கி, சிறு உறையிலிட்டுக் கருவிப் பேழையின் உட்புறம் ஒட்டிவைக்கலாம். ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.