பம்பர் சீட்டு அசலா, போலியா?

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: "வெள்ளகோவில் பக்கம் நாலு ஏக்கரில் முருங்கையும் சூரியகாந்தியும் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் தறிக்குப் போகும் தம்பி ஒருவர், வாளையாறு போய்க் கேரள லாட்டரி வாங்கி வந்து ஊருக்குள் கொடுக்கிறார். ஓணம் பம்பருக்கு நாங்கள் ஐந்து பேர் பணம் போட்டோம். 500 ரூபாய்ச் சீட்டுக்கு 650 வாங்கினார். சீட்டு அவரிடமே இருக்கிறது, எங்களுக்குப் போனில் போட்டோ அனுப்பினார். அதே எண் போட்டோ பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடமும் இருப்பதாக மச்சான் சொல்கிறார். வீட்டில் பேச்சு பெரிதாகிவிட்டது. சீட்டு அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வெள்ளகோவில்

பதில்: போட்டோவை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரே சீட்டை நூறு பேருக்குப் போட்டோ அனுப்பலாம். நூறு பேரிடமும் பணம் வாங்கலாம். பரிசு விழுந்தால் கேரளத்தில் கேட்பது காகிதச் சீட்டைத்தான். கேரள அரசு லாட்டரி காகிதமாக மட்டுமே விற்கப்படுகிறது, ஆன்லைன் விற்பனை கிடையாது. அதனால் வாட்ஸ்அப்பில் "சீட்டு புக் செய்து தருகிறேன்" என்று யார் சொன்னாலும் அது அரசு ஏற்பாடு இல்லை. முதல் வேலையாக அந்தத் தம்பியிடம் போய்ச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கையில் வாங்கியதும் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அச்சு. 1998ஆம் ஆண்டு மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, சீட்டை மாநில அரசே தன் பெயரும் முத்திரையும் போட்டு அச்சிட வேண்டும். கேரளச் சீட்டில் லாட்டரியின் பெயர், குலுக்கல் எண், குலுக்கல் தேதி, விலை, தொடர் எழுத்து, ஆறு இலக்க எண், கோட்டுக் குறியீடு எல்லாம் இருக்கும். எழுத்துகள் மங்கலாகவோ, வண்ணம் பரவியோ இருந்தால் கலர் ஜெராக்ஸாக இருக்கலாம்.

இரண்டு, தேதி. குலுக்கல் முடிந்த பழைய சீட்டைப் புதுச் சீட்டோடு சேர்த்துத் தள்ளிவிடுவது சுலபமான ஏமாற்று. பம்பர் சீட்டு பண்டிகைக்குப் பண்டிகை ஒரே சாயலில் இருப்பதால் பலர் தேதியைப் பார்ப்பதே இல்லை.

மூன்று, எண். சீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு இலக்கத்தையும் பாருங்கள். 3ஐ 8 ஆக்குவது, வேறு சீட்டிலிருந்து ஓர் இலக்கத்தை வெட்டி ஒட்டுவது என்று திருத்துவார்கள். ஒட்டிய இடம் தடித்துத் தெரியும், சுரண்டிய இடம் மெலிந்து வெளிச்சம் விடும். இந்த வகைப் போலியால் அதிகம் அடிபடுவது கேரளத்தில் நடந்து விற்கும் சிறு வியாபாரிகள். சின்னப் பரிசு விழுந்ததாகத் திருத்திய சீட்டைக் கொடுத்துப் பணமும் புதுச் சீட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஏஜென்சியில் கொடுக்கும்போதுதான் அந்த வியாபாரிக்கு விஷயம் தெரியும்.

நான்கு, ஸ்கேன். சீட்டிலுள்ள க்யூஆர் குறியீட்டைப் படித்துச் சரிபார்க்கக் கேரள லாட்டரித் துறை 'பாக்யகேரளம்' என்ற செயலி வைத்திருக்கிறது. எண் திருத்திய சீட்டு இதில் பிடிபடும், ஏனென்றால் குறியீட்டிலுள்ள எண்ணும் முகப்பிலுள்ள எண்ணும் ஒத்துப்போகாது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அசல் சீட்டை அப்படியே கலர் ஜெராக்ஸ் எடுத்தால் க்யூஆர் குறியீடும் சேர்ந்தே வரும். ஸ்கேன் செய்தால் எண் சரி என்றுதான் காட்டும். எண் உண்மையானதாக இருப்பது வேறு, கையிலுள்ள காகிதம் உண்மையானதாக இருப்பது வேறு.

நாம் விதை வாங்கும் வழக்கத்தை வைத்து யோசித்தால் இது எளிதில் புரியும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை என்று நமக்குத் தெரியும். அட்டையைப் பார்க்கிறோம், குவியல் எண்ணையும் காலாவதித் தேதியையும் பார்க்கிறோம். அதற்கு மேல் பில்லும் கேட்டு வாங்குகிறோம். அட்டையை யாரும் அச்சடிக்கலாம். முளைக்காவிட்டால் பில்லோடு விதை ஆய்வாளரிடம் போகலாம், கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். லாட்டரியில் அந்தப் பில்லின் இடத்தில் இருப்பது, உரிமம் பெற்ற கடையில் நேரில் வாங்குவது. சீட்டின் பின்புறம் ஏஜென்சியின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் கைமாறும் சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தமிழ்நாட்டில் 1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோது அரசே பரிசுச் சீட்டு தொடங்கியது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் எல்லா லாட்டரி விற்பனைக்கும் தடை வந்தது. ஆகவே காங்கயத்திலோ முத்தூரிலோ வெள்ளகோவிலிலோ கேரளச் சீட்டு விற்பது குற்றம். சீட்டு அசலாகவே இருந்தாலும் குற்றம்தான். ஏமாந்தால், "தடை செய்த பொருளைத் தடை செய்த இடத்தில் வாங்கினேன்" என்று தொடங்கித்தான் புகார் எழுத வேண்டியிருக்கும். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

"நம்ம பக்கத்து ஆட்களுக்கும் விழுந்ததே" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2023 ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி, நம் திருப்பூர், கோவைப் பக்கத்து நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. வாளையாறு கடையில் விற்பனையான சீட்டு அது. அப்படியிருந்தும், தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்ற சீட்டு என்று ஒரு புகார் கிளம்பி விசாரணை வரை போனது. நேரில் கடையில் வாங்கியவர்களுக்கே அந்த அலைச்சல். இடையில் ஒருவர் 150 ரூபாய் லாபம் வைத்துக் கொடுத்த சீட்டுக்கு நீங்கள் என்ன சாட்சி காட்டுவீர்கள்?

அந்தக் குலுக்கலுக்கு 75 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. முதல் பரிசு ஒன்று. ஆயிரம் சூரியகாந்தி விதை சுமார் 50 கிராம் என்று வைத்தால், 75 லட்சம் விதை 375 கிலோ. நம் விற்பனைக்கூடத்தில் ஏழெட்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, அதில் குறி வைத்த ஒரே ஒரு விதையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போன்றது அது. 25 கோடியும் முழுதாகக் கைக்கு வராது. ஏஜென்சி கமிஷன் 10 சதவீதம் போக 22.5 கோடி. அதில் 30 சதவீதம் வருமான வரி பிடித்தால் 15.75 கோடி. அதன் மேல் சர்சார்ஜும் உண்டு.

இந்த வரிக் கணக்கில் இன்னொரு பயனும் இருக்கிறது. அசல் லாட்டரியில் வரியைப் பரிசுப் பணத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். "உங்களுக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது, முதலில் வரி கட்டுங்கள், ஃபைல் சார்ஜ் கட்டுங்கள்" என்று போன் வந்தால் அது மோசடி. பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தறிப்பட்டறை, டீக்கடை ஓரங்களில் நடக்கும் 'மூணு நம்பர்' லாட்டரியே இல்லை. கேரள முடிவின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் சூதாட்டம் அது. அதில் அசல் சீட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இதில் கடன்பட்ட நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே, மூன்று பெண் குழந்தைகளோடு, அழிந்துபோனது. உங்கள் ஊரில் நடந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சீட்டை வாங்கிப் பாருங்கள். தம்பி காட்ட மறுத்தால், ஐந்து பேரும் சேர்ந்து போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சீட்டு சரியாக இருந்தால், பின்புறம் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று சீட்டு எண்ணோடு ஒரு தாளில் எழுதி ஐவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவைக் கேரள அரசிதழோடு ஒப்பிட்டு, விழுந்தால் 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்த பம்பருக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். காங்கயம், பல்லடம், கோவை வழியாக வாளையாறு போய் வர ஒரு நாள் போகும். பஸ் செலவு, ஆள் கூலி, சீட்டு விலை மூன்றையும் கூட்டி வீட்டில் சொல்லுங்கள். அந்தத் தொகை தொலைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டார் சொன்னால் மட்டும் நேரில் போய்க் கடையில் வாங்குங்கள். இல்லையென்றால் முருங்கைக்கு ஒரு மூட்டை எரு கூடுதலாக வாங்கிப் போடுங்கள்.