உணவுக்குப் பின் பத்து நிமிடம்

"நாள் முழுதும் வேலை செய்கிறேனே, எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" நீரிழிவுக்குச் சிகிச்சை பெறும் பெண்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தென்காசி மாவட்டத்தில் எண்ணற்ற பெண்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டை வைத்து அமர்ந்தால் மாலைவரை விரல்களுக்கு ஓய்வில்லை. அது கடும் உழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வுழைப்பில் களைப்பவை விரல்களும் கண்களும் முதுகுமே. தொடை, இடுப்பு ஆகிய பெருந்தசைகள் அசையாமல் கிடக்கின்றன.

உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்பவை இத்தசைகளே. இன்சுலின் சரிவரச் செயல்படாத உடலிலும், இயங்கும் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பின்னரும் ஒன்றிரண்டு நாள்கள்வரை இன்சுலினின் திறன் கூடியிருக்கும். தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் நடையை நிறுத்த வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் விடியற்காலையில் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அப்பாதை எட்டுவதில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஆண்களில் பலரும் நடையை நிறுத்திவிடுகிறார்கள். எனவே, நடை என்றால் அதிகாலை நடைதான் என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இதற்குச் சான்று உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரிடம் மேற்கொண்ட ஆய்வை 2016இல் வெளியிட்டனர். நாளுக்கு ஒருமுறை 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் அக்குறைவு 22 விழுக்காடு.

பத்து நிமிட நடைக்குத் தெருவோ, முற்றமோ, மொட்டைமாடியோ போதும். மழையென்றால் கூடத்திலேயே நடக்கலாம். பீடி சுற்றுவோர் அரைமணிக்கு ஒருமுறை தட்டை இறக்கிவைத்து, இரண்டு மூன்று நிமிடம் உலவி வரலாம்.

சில எச்சரிக்கைகள் உண்டு. இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவற்றை எடுத்துக்கொள்வோர் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். நடுக்கமோ, வியர்வையோ, தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று, மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸோ சர்க்கரையோ உட்கொள்ள வேண்டும். மார்பு வலித்தால் நடையை நிறுத்தித் தாமதமின்றி மருத்துவமனைக்கு வர வேண்டும். காய்ச்சல், வாந்தியுடன் சர்க்கரை 250ஐத் தாண்டியிருந்தால் அன்று நடையைத் தவிர்த்து மருத்துவரைக் காண வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. நடந்தபின் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது நன்று. சர்க்கரை குறைகிறதென்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

வீட்டாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. இரவு உணவு முடிந்ததும் பாத்திரங்களை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பத்து நிமிடம் அவர் நடக்கட்டும். மருத்துவர்களாகிய நாங்களும் மாத்திரைக்கு நேரம் குறிப்பதுபோல நடைக்கும் நேரம் குறித்துச் சீட்டில் எழுத வேண்டும். உங்கள் சீட்டில் அது இல்லையெனில், தயங்காமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.