கண்ணாடிக் கடையோடு நின்றுவிடலாமா கண் படிப்பு?

கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைத் தடங்கலின்றிப் படித்துவிட்டால் கண்ணில் குறையில்லை என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயில் இந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது. நடுப்பார்வையைக் கடைசி வரை விட்டுவைத்துவிட்டு, பக்கப் பார்வையை அது வலியில்லாமல் அரித்துக்கொண்டே வரும். தமிழகத்தின் மூன்று தென் மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை பரிசோதித்தது. 2003-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா இருந்தது. சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வு இன்னும் கவலை தருவது. அங்கே நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய எவருக்குமே, தமக்கு அந்த நோய் இருப்பது அதுவரை தெரிந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட கண்களை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல. பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்தான்.

ஆப்டோமெட்ரியை முறையான பட்டப்படிப்பாக வளர்த்ததில் தமிழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சங்கர நேத்ராலயாவின் எலீட் ஆப்டோமெட்ரி பள்ளி 1985-லேயே சென்னையில் தொடங்கப்பட்டுவிட்டது. இன்று பல கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. மூன்றாண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சி. அந்தப் பயிற்சி ஆண்டில் மாணவர் கண்ணாடிப் பிரிவு, கான்டாக்ட் லென்ஸ் பிரிவு, புறநோயாளிப் பிரிவு என்று சுற்றி வருகிறார். எதிலும் வேரூன்றுவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. பிறகு பெரும்பாலோருக்குக் கிடைப்பது கண்ணாடிக் கடை வேலை. அங்கே வருபவர்களில் அநேகர் ஆரோக்கியமான கண்ணுக்குச் சொந்தக்காரர்கள். நாள் முழுக்க நல்ல கண்களையே பார்ப்பவரிடம், என்றோ ஒருநாள் வரும் நோயுற்ற கண்ணை மட்டும் சரியாகப் பிடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க உதவும் ஸ்லிட் லேம்ப் கருவி கூடப் பல கடைகளில் கிடையாது. படித்தது மெல்ல மெல்ல மறந்துபோகிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பட்டம் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் விரும்பினால், ஓராண்டு முழுநேரமாக மருத்துவமனையில் கண் நோய்ப் பிரிவில் ரெசிடென்சி செய்யலாம். கட்டாயமில்லை, ஆனால் உதவித்தொகை உண்டு, பயிற்சித் திட்டத்துக்கு அங்கீகார அமைப்பின் மேற்பார்வையும் உண்டு. இந்த இடங்களில் மிகப் பெரும் பங்கை அளிப்பவை முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள். 1970-களில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். இதே காலத்தில்தான், 1976-ல், நோய்க்கு மருந்து எழுதும் உரிமையை மேற்கு வர்ஜீனியா மாநிலம் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு முதன்முதலாகக் கொடுத்தது. பொறுப்பு கூடக்கூடப் பயிற்சியின் தேவையும் கூடியது.

படைவீரர் மருத்துவமனைகள் இதற்குப் பொருந்தி வந்ததற்குக் காரணம் எளிது. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கிளாக்கோமா, விழித்திரை மையச் சிதைவு எல்லாம் அன்றாடம் நாற்காலியில் வந்து அமர்கின்றன. அதே நோயாளி மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவார். தான் முன்பு எழுதியது சரியா தவறா என்பதைப் பயிற்சியாளர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். வகுப்பறையோ கடையோ இந்த வாய்ப்பைத் தராது.

ஓராண்டில் அப்படி என்ன கற்றுவிட முடியும் என்று கேட்பவர்கள், கோனியோஸ்கோப்பி என்ற ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காட்டும் சோதனை இது. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, உள்ளே சிறு கண்ணாடிகள் பதித்த லென்ஸைக் கருவிழியின் மேல் வைத்து, அதில் தெரியும் பிம்பத்தை ஸ்லிட் லேம்ப் வழியாகப் படிக்க வேண்டும். லென்ஸைச் சற்று அழுத்திவிட்டால் போதும், மூடிய கோணம் திறந்ததுபோலக் காட்டும். வெளிச்சம் அதிகமாகிக் கண்மணி சுருங்கினாலும் அப்படியே. திறந்த கோணத்துக்கு ஒரு சிகிச்சை, மூடிய கோணத்துக்கு வேறு சிகிச்சை என்பதால் இந்தப் பிழை சிறிய பிழையல்ல. பாடப்புத்தகத்தில் இதைச் சில பக்கங்களில் படித்து முடித்துவிடலாம். கை பழக வேண்டுமானால், அனுபவமுள்ள ஒருவர் அதே கண்ணை அடுத்த நிமிடமே பார்த்து, “அழுத்திவிட்டாய், மறுபடி பார்” என்று சொல்ல வேண்டும். ஒருமுறை இருமுறை அல்ல, வாரக்கணக்கில்.

தமிழ்நாட்டு வயல்வெளியிலிருந்து வரும் கருவிழிப் புண் இன்னொரு பாடம். மதுரையில் 1994-ல் மூன்றே மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை அரவிந்த் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் மூன்றில் இரு பங்கினருக்குக் கண்ணில் ஏதோ பட்டுக் காயமாகியிருந்தது. குளிர் நாடுகளில் அரிதான பூஞ்சைத் தொற்று நம் ஊரில் இந்தக் காயங்கள் வழியே சர்வசாதாரணமாக வருகிறது. கண் சிவந்து நீர் வடிந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று முடிவுகட்டி, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி விடுவது பலருக்கும் பழக்கம். பூஞ்சைப் புண்ணுக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். பழகிய கண் வேறுவிதமாகப் பார்க்கும். ஆரஞ்சு நிற ஃப்ளோரசின் தாளை நனைத்து இமைக்குள் தொட்டு, நீல ஒளியில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். வெள்ளை ஒளிக்கு மாற்றினால், பூஞ்சைக்கே உரிய இறகுபோலப் பிசிறடித்த விளிம்பு பல நேரங்களில் தெரியும். உடனே சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுப்ப வேண்டும். பூஞ்சைக்கு எதிரான நேட்டமைசின் சொட்டு உரிய நேரத்தில் கிடைத்தால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டில் கழியும் ஒவ்வொரு நாளும் அந்த வாய்ப்பு குறைகிறது.

இப்படிப் பயிற்சி கொடுத்தால் ஆப்டோமெட்ரிஸ்டுகள் அரைகுறை டாக்டர்களாகிவிடுவார்கள் என்ற அச்சம் கண் மருத்துவர்களில் ஒரு பகுதியினருக்கு இருக்கிறது. அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அறுவை சிகிச்சையும் சிக்கலான மருத்துவ முடிவுகளும் கண் மருத்துவரிடமே இருக்க வேண்டும். ஆனால் எந்தக் கண்ணை இன்றே டாக்டரிடம் அனுப்ப வேண்டும், எது ஒரு வாரம் பொறுக்கும் என்று பிரித்தறியத் தெரியாதவர்தான் உண்மையில் ஆபத்தானவர். நோயைப் பார்த்தே பழகாதவருக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்? கண் மருத்துவரின் கண்காணிப்பில் ஓராண்டு இருந்தவருக்குத் தன் எல்லை எது என்பதும் தெரிந்திருக்கும்.

சில பெரிய தனியார் கண் மருத்துவமனைகள் ஃபெலோஷிப் என்ற பெயரில் இதைப் போன்ற பயிற்சியை ஏற்கெனவே நடத்துகின்றன. இடங்கள் குறைவு, எல்லாருக்கும் எட்டுவதில்லை. சுகாதாரத் துறையின் துணைத் தொழில்களுக்காக நாடாளுமன்றம் 2021-ல் நிறைவேற்றிய தேசிய ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒரே தரத்தை வகுக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

தமிழக அரசுக்கு இதில் தனிக் கடமையும் இருக்கிறது. அதே 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் சர்க்கரை நோய் விழித்திரையையும் கெடுக்கக்கூடியது; அந்த நோயாளிகள் ஒவ்வொருவரின் விழித்திரையையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க ஆள் வேண்டுமே? கண் மருத்துவர்களை மட்டும் வைத்து அதைச் செய்து முடிக்க இயலாது.

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. உலகிலேயே இரண்டாவது பழமையான கண் மருத்துவமனை என்ற பெயர் அதற்கு உண்டு. பயிற்சிக்கு வேண்டிய நோயாளிகளும் ஆசிரியர்களும் கருவிகளும் அங்கே உண்டு. உதவித்தொகையுடன் ஓராண்டு கண் நோய் ரெசிடென்சியை, பத்து இடங்களோடாவது அங்கே தொடங்கி, பயிற்சி முடித்தவர்களை வட்ட அரசு மருத்துவமனைகளில் பணியமர்த்த வேண்டும். மருத்துவக் கல்வித் துறை அடுத்த கல்வியாண்டுக்கே இதற்கான ஆணையைப் பிறப்பிக்கட்டும்.