லைட் எரிகிறது, மேனுவல் எங்கே?

2025 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களுக்கு ஓபிடி 2பி கட்டாயமாகிவிட்டது. அந்த வண்டிகள் இலவச சர்வீஸ் கூப்பன்களைத் தீர்த்துவிட்டு நம் பட்டறை வாசலுக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. மிஸ்ஃபயரையும் கேட்டலிஸ்ட்டின் திறனையும் வண்டியே கண்காணிக்கிறது. அளவு தப்பினால் இன்ஜின் லைட் எரிகிறது. இந்த விதியை நம் இதழ் எதிர்க்கவில்லை. புகையை நாள் முழுக்க மூச்சில் வாங்குகிறவர்கள் நாம்தான். அது குறைய வேண்டும் என்று நம்மைவிட யார் அதிகம் விரும்ப முடியும்?

ஆனால் இந்த விதி வந்தபின் முதல் சர்வீஸ் பழைய முதல் சர்வீஸ் அல்ல. 500 முதல் 750 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றி, செயினை இறுக்கி, தண்ணீர் அடித்துக் கொடுத்தால் போதும் என்ற பழக்கம் இனி வண்டிக்காரரின் காசைக் கரைக்கும். புது இன்ஜினில் வால்வும் சீட்டும் பதிந்து உட்காரும்போது டேப்பட் கிளியரன்ஸ் குறையும். எக்ஸாஸ்ட் பக்கம் இறுகிவிட்டால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், ஐடிலில் வண்டி துடிக்கும். முன்பெல்லாம் ‘லேசாக மிஸ்ஸிங்’ என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டுவார்கள். இப்போது பி0301 என்ற மிஸ்ஃபயர் கோடு பதிவாகி லைட் வந்துவிடும். பிளக்கை மாற்றுவோம், காயிலை மாற்றுவோம், இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவுவோம். இன்ஜின் ஆறிய பிறகு ஒரு பில்லர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். காலையில் ஐம்பது வண்டி வரிசையில் நிற்கும் சர்வீஸ் சென்டரில் இன்ஜின் ஆறும்வரை காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? கூப்பனில் முத்திரை விழுகிறது. டேப்பட் கவர் திறக்கப்படுவதில்லை.

நம் பக்கத்துத் தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். ஜாசோ எம்ஏ2 தரம் பார்க்காமல் கார் ஆயிலை ஊற்றி கிளட்ச் ஸ்லிப்பாகிற வண்டிகள் இன்னும் வருகின்றன. சைலன்சரைக் கழற்றினால் புது கேஸ்கெட் போடுவதில்லை. அந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்தால் ஆக்சிஜன் சென்சார் ‘லீன்’ என்று தவறாகப் படிக்கும், இசியு பெட்ரோலைக் கூட்டும். பிரஷர் தண்ணீரை நேராகக் கப்ளரில் அடிப்பதையும் நிறுத்த வேண்டும்.

இனி, நான் பல ஆண்டுகளாக இதே பக்கத்தில் கேட்டுவரும் கேள்விக்கு வருகிறேன். பில்லர் கேஜில் எந்த அளவுத் தகட்டை எடுப்பது?

மாடலுக்கு மாடல் அளவு வேறு. டிரெய்ன் போல்ட்டின் டார்க் வேறு. ஃபில்டர் மாற்றினால் ஊற்ற வேண்டிய ஆயில் அளவு வேறு. ஏபிஎஸ் மாட்யூலில் காற்று புகுந்தால் எடுக்கும் முறையும் வேறு. இதெல்லாம் எழுதியிருக்கும் ஒர்க்‌ஷாப் மேனுவல் டீலரின் அலமாரியில் இருக்கிறது. வண்டியோடு வரும் சிறு புத்தகத்தை நம்பி இன்ஜினைத் திறக்க முடியாது. பொது ஸ்கேனர் கோடு எண்ணைக் காட்டும். அதற்கப்பால் எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதை மேனுவல்தான் சொல்லும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஷோரூமில், சொன்ன விலையைத் தருகிறேன், ஒரு பிரதி கொடுங்கள் என்று கேட்டேன். ‘வெளியாளுக்குத் தர அனுமதி இல்லை’ என்றார்கள். அந்த வாரம் கை அளவில் இறுக்கிய ஒரு டிரெய்ன் போல்ட்டின் மரை போய், கிராங்க் கேஸுக்கு நான் கையிலிருந்து பணம் கட்டினேன். வெளியாள் என்ற அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதே கம்பெனி வண்டிகளை வாரண்டி முடிந்த நாளிலிருந்து ஓடவைப்பது இந்த வெளியாள்தானே?

சட்டம் நம்மைத் தொடாமலே போய்க்கொண்டிருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகமும் டயக்னாஸ்டிக் கருவியும் வெளிப் பட்டறைக்குக் கிடைக்க வேண்டும், வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது என்றது. அந்த வழக்கில் இருசக்கர வாகனம் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் நான்கில் ஒன்று. ஆனால் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்காக 2025 மே மாதம் தரப்பட்ட அறிக்கை கைப்பேசியையும் மின்னணுச் சாதனங்களையும் பற்றியது. நம் முறை எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 விதிப்படி, மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர் பழுதுபார்ப்புத் தகவலைச் சுதந்திரப் பட்டறைகளுக்கும் தந்தாக வேண்டும். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் வண்டி கப்பலேறி அங்கே இறங்கினால், அதன் டேப்பட் அளவைக் கேட்டுப் பெற அந்த ஊர் மெக்கானிக்குக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆலையிலிருந்து சற்றுத் தள்ளி வாலாஜாபாத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு இல்லை. மாசுக்கட்டுப்பாட்டில் ஐரோப்பிய அளவுகோலை எடுத்துக்கொண்ட நம் அமைச்சகம், மெக்கானிக்கின் உரிமை வரும் பக்கத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டது? ஸ்கேனர் வாங்கு, பயிற்சி எடு, தரத்தை உயர்த்து என்று நமக்குச் சொல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். தயாரிப்பாளரைக் கூப்பிட்டு மேனுவலைக் கொடு என்று சொல்ல ஒருவரும் இல்லை. தமிழில் தருவது கடினம் என்ற பதிலையும் ஏற்க முடியாது. ஐடிஐ பாடநூல்களைத் தமிழிலும் கொண்டுவரும் மத்திய அரசின் நிமி நிறுவனம் கிண்டியிலேயே இருக்கிறது.

மேனுவலை நாம் இலவசமாகக் கேட்கவில்லை. நியாயமான விலைக்கு, தமிழிலும், வண்டி விற்பனைக்கு வரும் அன்றே கிடைக்க வேண்டும். வெளிப் பட்டறையில் ஆயில் மாற்றினால் வாரண்டி போகும் என்ற மிரட்டல் இருசக்கர வாகனத்துக்கும் நீங்க வேண்டும். இந்த இரண்டையும் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் நுகர்வோர் துறைக்கும் மனுவாக அனுப்புகிறோம். உங்கள் பட்டறைக்கு லைட் எரிந்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் மாடல், ஓடிய கிலோமீட்டர், கோடு எண், டேப்பட் அளவு, கடைசியில் கண்டுபிடித்த பழுது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மனுவோடு அந்தத் தாள்களையும் இணைக்கிறோம்.