விரலைத் தட்டினால் பணம் கொட்டுமா?

காஞ்சிபுரத்தில் கருடசேவை. வரதராஜப் பெருமாள் வீதி உலா வருகிறார். தெரு கொள்ளாத கூட்டம்! அந்த நேரத்தில் ஒருவர் பட்டுச் சேலையை விரித்துப் பிடித்து, "வாங்கம்மா, வாங்க!" என்று கூவினால் வியாபாரம் ஆகுமா? ஆகாது. மக்கள் வந்தது சாமி கும்பிட. காந்தி ரோட்டில் கடைப்படி ஏறுகிறவர்கள் பத்துப் பேர்தான் என்றாலும், அவர்கள் வாங்க வந்தவர்கள்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரமும் இப்படித்தான். அங்கே வருகிறவர் அண்ணன் மகள் காதுகுத்துப் படம் பார்க்க வருகிறார். நடுவே சேலை விளம்பரம் வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். கூகுளில் "காஞ்சிப் பட்டு" என்று தேடுகிறவர் வேறு ரகம். அவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்.

பெரிய கம்பெனிகளே இதில் குழம்பியது உண்டு. 2012-ம் ஆண்டு மே மாதம் பேஸ்புக்கின் பங்குகள் சந்தைக்கு வந்தன. அதற்குச் சில நாள் முன்னதாக, ஜெனரல் மோட்டார்ஸ் என்ற அமெரிக்க கார் கம்பெனி, இனிமேல் அங்கே பணம் கொடுத்து விளம்பரம் செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. போதிய பலன் இல்லை என்பது அதன் கணக்கு. (மறு ஆண்டே திரும்பி வந்தது. அது வேறு கதை!)

நம் ஊருக்கு வருவோம்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் செல்போனில் தறியைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறான். விளம்பரப் பணம் வரும் என்று வீடே காத்திருக்கிறது.

வருமா?

விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க, முதலில் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். ஓர் ஆண்டுக்குள் மக்கள் அந்தப் படங்களை 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். 5 நிமிடப் படம் என்றால், முழுசாக 48,000 தடவை ஓட வேண்டும்! (சின்னஞ்சிறு படங்களுக்குக் கணக்கு வேறு.) பிறகு வரும் பணத்தில் நூற்றுக்கு 55 இவருக்கு, 45 கம்பெனிக்கு. அதுவும் 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும்.

புதுக்கோட்டை மாவட்டத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' ஜெயிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜெயித்தது. 2018-ல் தொடங்கி, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. ஆனால் அவர்களுக்குப் படம் எடுப்பதே தொழில். நெசவாளிக்கு அப்படியா? கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, ஒருவர் கரை நாடாவைப் போட வேண்டும். ஒருவர் கேமராவோடு எழுந்தால் தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி நிற்கிறது.

டிக்டாக்கை நம்பியவர்கள் கதை தெரியும் அல்லவா? 2020-ம் ஆண்டு ஜூன் 29-ந்தேதி அரசு தடை போட்டது. சேர்த்து வைத்த ரசிகர் கூட்டம் அதோடு போயிற்று.

சரி, காசு கொடுத்து விளம்பரம் செய்யலாமா? அந்த இடம் ஏலத்தில் போகிறது. தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் பெரிய ஜவுளிக்கடைகள் ஏலம் கேட்கும்போது, ஒற்றைத் தறிக்காரர் எங்கே நிற்பார்? அதோடு, விசைத்தறிச் சேலையும் "காஞ்சிபுரம்" என்ற பெயரிலேயே விளம்பரத்தில் வருகிறது. காஞ்சிபுரம் பட்டு 2005-லேயே புவிசார் குறியீடு பெற்றது. என்ன பயன்? செல்போன் திரையில் அசல் சரிகையும் மின்னுகிறது, போலியும் மின்னுகிறது.

ஆகவே என் கருத்து இது. விளம்பரச் செலவைக் கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவில் ஏற்க வேண்டும். தனி நெசவாளி படம் எடுக்கட்டும், விளம்பரப் பணத்துக்காக வேண்டாம். கரையும் உடலும் சேரும் கோர்வையைக் கிட்டத்தில் காட்டட்டும். சேலையின் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டட்டும். வாட்ஸ்அப் எண்ணைப் போடட்டும். அதைப் பார்த்து மாதம் இரண்டு பேர் நேராக வாங்கினாலும் இடைத்தரகர் கமிஷன் வீட்டிலேயே தங்கும். எத்தனை லைக் என்று மகன் எண்ணட்டும். எத்தனை சேலை போயிற்று என்று அம்மா நோட்டில் எழுதி வைக்கட்டும்.